பனி உருகும் பெரிய ஆற்றில் தூண்டில்: முன்வசந்த மீன்பிடிக்கு முழுமையான வழிகாட்டி

பனிக்கட்டி உடைந்து போன முதல் சில வாரங்களில் பெரிய ஆற்றைப் பார்த்தால் மீனே இல்லாத ஆறு மாதிரிதான் தெரியும். கலங்கல் தண்ணீர், மிதந்து வரும் மரக்கிளைகள், கண்ணுக்கு எட்டாத அகலம். எங்கே வீசுவது என்றே பிடிபடாது. ஆனால் பெரிய மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் காலம் இது. முட்டையிடும் இடத்தை நோக்கி ஏறி வருகிற மீன்களுக்குக் குளிர்ந்த நீரில் வேகமான இழுவையை எதிர்த்து நாள் முழுக்க நிற்கத் தெம்பு கிடையாது. ஒதுங்கக் கிடைத்த ஒரு சில இடங்களில் மொத்தமாக அடைந்துகொள்ளும். மற்ற இடமெல்லாம் காலி.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி எங்கே போடுவது என்பதைப் பற்றித்தான். ராடு, ரீல், இரை எல்லாம் பின்னால் வரும். இடம் சரியாக இருந்தால் சாதாரண ராடே போதும். இடம் தப்பென்றால் எதுவும் உதவாது.

இங்கே சொல்வதெல்லாம் குளிர்காலத்தில் உறைகிற, அல்லது உறைகிற அளவுக்குக் குளிர்கிற ஆறுகளுக்கு: மிசிசிப்பி, ஒஹையோ, டானியூப், வோல்கா போன்றவை. முக்கிய மீன்கள் வட அமெரிக்காவில் வால்ஐ, அதைவிடச் சிறிய சாகர், ஐரோப்பாவில் ஸாண்டர். மூன்றும் ஒரே பேரினம், குணமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கூடவே பைக், பெர்ச், கெளுத்தி.

படி 1: பருவம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

முட்டையிடும் காலம் என்பதால் வசந்தத்தில்தான் தடைகள் அதிகம். இதில் ஊகம் கூடாது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே நீர்நிலைக்கு நீர்நிலை விதி மாறும். மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ பருவம் மே மாதத்தில்தான் திறக்கும். அதே மாநிலம் விஸ்கான்சினோடு எல்லையாகப் பகிர்ந்துகொள்ளும் மிசிசிப்பியில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். ரஷ்யாவில் முட்டையிடும் காலத் தடை பகுதிக்குப் பகுதி வேறு தேதிகளில் வரும். ஜெர்மனியிலும் ஸாண்டருக்கும் பைக்குக்கும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனித் தடைக்காலம்.

உரிமம், குறைந்தபட்ச நீளம், ஒரு நாள் எண்ணிக்கை, எத்தனை தூண்டில் போடலாம், உயிருள்ள மீன்குஞ்சை இரையாகப் பயன்படுத்தலாமா, அணையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் ஆகியவற்றை அந்த ஆற்றுக்கான நடப்பு ஆண்டு விதிநூலில் பாருங்கள். போன வருட விதி இந்த வருடம் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள்.

படி 2: வெப்பமானியை ஆற்றில் இறக்குங்கள்

முன்வசந்தத்தில் நாள்காட்டியைவிட வெப்பமானி நம்பகமானது. ஏரியில் மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் வெப்பநிலை வேறாக இருக்கலாம். ஆற்றில் நீரோட்டம் கலக்கிக்கொண்டே இருப்பதால் மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கரையோரம் ஒரு கயிற்றில் கட்டி இறக்கினாலே முதன்மை ஓட்டத்தின் கணக்கு கிடைத்துவிடும், தேங்கிய மூலையில் அளக்காதவரை.

0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை மீன்கள் ஆழமான மடுக்களை விட்டு அதிகம் நகராது. இரை எடுக்கும், ஆனால் துரத்தாது. மூக்குக்கு நேரே வந்தால் வாயில் எடுத்துப் பார்க்கும், அவ்வளவுதான். 4 டிகிரியைத் தாண்டும்போது நகர்வு தொடங்கும். முதலில் பைக். பனிக்கட்டி போன உடனேயே அது வெள்ளம் ஏறிய புல்வெளிகளுக்கும் சதுப்புகளுக்கும் முட்டையிட ஏறிவிடும். அடுத்தது வால்ஐ: பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரிக்குள் சரளைக்கல்லிலும் பாறையிலும் முட்டையிடும். சாகர் அதை ஒட்டியோ கொஞ்சம் பின்னாலோ. பெர்ச் 7 முதல் 12 வரை. ஸாண்டர் பெரும்பாலும் 10 டிகிரியைத் தாண்டிய பிறகு. அதில் ஆண் மீன் முட்டைக்குக் காவல் நிற்கும், வால்ஐக்கு அந்தப் பழக்கம் இல்லை. கெளுத்திகள் முட்டையிடுவதற்கு 20 டிகிரிக்கு மேல் வேண்டும், அது கோடையை நெருங்கிய கதை. ஆனாலும் 8, 10 டிகிரியிலேயே, குளிரில் செத்துப்போன சிறுமீன்களைத் தேடித் தின்ன அவை கிளம்பிவிடும்.

ஒரு நாள் அளவைவிடப் போக்குதான் முக்கியம். மூன்று நாளாக அரை அரை டிகிரியாக ஏறி வந்த 5 டிகிரித் தண்ணீர், நேற்று 8 இருந்து இன்று 6 ஆக இறங்கிய தண்ணீரைவிட நல்லது. திடீர்ப் பனிப்பொழிவுக்கும் குளிர்மழைக்கும் பிறகு கடி அடியோடு நின்றுபோனால் இரையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். மீன் அங்கேயே இருக்கும், வாயைத்தான் திறக்காது.

வால்ஐயில் ஆண் மீன்கள் முன்னதாக வந்து கடைசிவரை அங்கேயே நிற்கும். பெரிய பெண் மீன்கள் முட்டையிடும் வரை அருகிலுள்ள ஆழத்தில் காத்திருக்கும். பெரும்பாலும் ஒரே இரவில் முட்டையை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும். பிடிப்பதெல்லாம் சின்ன ஆண் மீனாகவே இருந்தால் நீங்கள் முட்டையிடும் மேட்டின் மேலேயே நிற்கிறீர்கள் என்று பொருள். பெரியது வேண்டுமானால் கீழ்நோக்கி, முதல் ஆழத்துக்கு நகருங்கள். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் மீன்களை அந்த மேட்டிலேயே வைத்துக் குடைவது, விதி அனுமதித்தாலும், எனக்கு உடன்பாடில்லை.

படி 3: ஆறு ஏறுகிறதா, வடிகிறதா?

கிளம்புவதற்கு முன் வீட்டில் இருந்தே செய்ய வேண்டிய வேலை இது. பல நாடுகளில் ஆற்றின் நீர்மட்டமும் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பதும் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கின்றன. அமெரிக்காவில் புவியியல் ஆய்வுத் துறை இந்த அளவை நிலையங்களை நடத்துகிறது. அதன் முதல் நிலையம் 1889இல் நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் எம்புடோ என்ற இடத்தில் அமைந்தது. இன்றைய எண் மட்டும் போதாது, கடந்த ஒரு வார வரைபடக் கோட்டைப் பாருங்கள்.

கோடு கிடையாக இருந்தால், அல்லது மெல்ல இறங்கினால், அதுதான் நல்ல நாள். தண்ணீர் தெளிந்துகொண்டே வரும், மீன் வழக்கமான இடங்களில் நிலைகொண்டிருக்கும்.

கோடு செங்குத்தாக ஏறினால் நடு ஆற்றை மறந்துவிடுங்கள். வேகம் தாங்காமல் மீன் கரைக்கு ஒதுங்கும். நேற்று வரை தரையாக இருந்த மரத்தடியில், முழங்கால் ஆழத்தில் நல்ல மீன் நிற்கும். பெருவெள்ளத்தில் பலர் வழக்கம்போல் தூரம் தூரமாக வீசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலடியில்தான் மீன் இருக்கும். கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், கரைக்கு இணையாகப் போடுங்கள்.

கோடு செங்குத்தாக இறங்கினால் மீன் பயந்து ஆழத்துக்குப் போகும். தேங்கிய கிளைநீரின் வாய், மேடு சரிந்து மடுவாகிற விளிம்பு ஆகியவற்றில் தேடுங்கள்.

படி 4: தண்ணீரைப் படியுங்கள்

அடிப்படை ஒன்றே: வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு. மீன் மந்தமான பக்கம் நின்றுகொண்டு வேகமான பக்கம் கொண்டுவருவதைத் தின்னும். கரையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கோடு தெரிந்துவிடும். நுரையும் சருகும் ஒரு பக்கம் ஓடும், பக்கத்திலேயே இன்னொரு பக்கம் மிதந்து நிற்கும், அல்லது மேல்நோக்கிச் சுற்றும். மேற்பரப்பைவிட அடியில் ஓட்டம் எப்போதும் மெதுவானது, ஏனென்றால் தரை உராய்கிறது. ஒரு தலையளவு பாறை, ஒரு பள்ளம் இருந்தால் அதன் பின்னால் இன்னும் மெதுவாகும். மேலே பாய்ந்து ஓடுகிறது என்று பார்த்து ஓர் இடத்தைத் தள்ளிவிடக் கூடாது.

தேட வேண்டிய இடங்களை நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அணையின் கீழ்ப்புறம். மேலே ஏறி வரும் மீனுக்கு அணை ஒரு சுவர். அதற்குமேல் போக முடியாமல் அங்கேயே குவியும். மேல் மிசிசிப்பியில் 29 கப்பல் மதகு அணைகள் இருக்கின்றன. 1930இல் அனுமதிக்கப்பட்ட ஒன்பது அடி ஆழக் கப்பல்வழித் திட்டத்துக்காகப் பெரும்பாலானவை கட்டப்பட்டன. வசந்தத்தில் ஒவ்வொன்றின் கீழேயும் படகுக் கூட்டம் நிற்பதற்குக் காரணம் இதுதான். எந்த ஷட்டர் திறந்திருக்கிறது என்று பாருங்கள். திறந்த ஷட்டருக்கும் மூடிய ஷட்டருக்கும் நடுவே கீழ்நோக்கி நீளும் கோடுதான் உங்கள் இடம். ஆனால் அணைக்கு நெருக்கமாகப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அங்கே கூட்டம் அதிகம், பெரிய மீன் குறைவு. ஒன்றிரண்டு கிலோமீட்டர் கீழே, முதல் பெரிய மடுவின் தலைப்பகுதியில் நிம்மதியாகப் பிடிக்கலாம்.

அடுத்தது கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய குறுக்குக் கல்வரிசைகள். கப்பல் போகும் வாய்க்காலில் மணல் படியாமல் ஓட்டத்தை நடுவே தள்ளுவதற்காகக் கட்டியவை. மிசிசிப்பியில் 19ஆம் நூற்றாண்டில் பாறையும் வில்லோ மரக்கிளைப் பாயும் அடுக்கிப் போட்டவை இன்றும் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. ரைன் ஆற்றில் வெளியே தெரியும்படி வரிசையாக இருக்கும். மூழ்கிய கல்வரிசையை மேற்பரப்பில் ஒரு சலசலப்புக் கோடு காட்டிக்கொடுக்கும். உண்மையான கல்வரிசை அந்தச் சலசலப்புக்குச் சில மீட்டர் மேல்புறம் இருக்கும். எல்லோரும் பின்பக்கத்து அமைதியான நீரில் போடுவார்கள். தண்ணீர் 5 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அது சரி. சூடேறி மீன் சுறுசுறுப்பான பிறகு முன்பக்கத்தை விடாதீர்கள். ஓட்டம் கல்லில் மோதி மேலெழும் இடத்தில், அடியோடு ஒட்டி ஒரு மெத்தை போன்ற மந்த நீர் உருவாகும். இரை தின்ன வந்த மீன் அங்கே மேல்நோக்கித் தலைவைத்து நிற்கும். நுனியில் ஓட்டம் குடைந்த பள்ளமும் தவறாமல் பார்க்க வேண்டிய இடம்.

மூன்றாவது துணையாறு கலக்கும் வாய். சின்ன ஆறு சீக்கிரம் சூடாகும். ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே சிறுமீன் அங்கே வரும், பெரியது பின்னால் வரும். வெப்பமானியை இரண்டு நீரிலும் இறக்கி ஒப்பிடுங்கள். மழைக்குப் பிறகு துணையாறு சேறாக வந்தால் கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டின் தெளிந்த பக்கத்தில் போடுங்கள். உருகிய பனியைச் சுமந்து வருகிற ஓடை என்றால் கணக்கு தலைகீழ். அது பேராற்றைவிடக் குளிர்ந்திருக்கும், மீன் விலகும்.

பிறகு பாலத் தூண்கள், வளைவின் வெளிப்பக்க மடு, சாய்ந்து விழுந்த மரம், படகுத்துறைச் சுவர். மின்நிலையத்துச் சுடுநீர் வெளியேறும் வாய்க்கால் இருந்தால் அங்கே குளிர்காலம் முழுவதுமே மீன் இருந்திருக்கும்.

பைக் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதற்கு ஓட்டமே இல்லாத கிளைநீர், போன வருடத்து நாணல், வடக்குக் கரை வேண்டும். பூமியின் வடபாதியில் தெற்கு வெயில் அந்தக் கரையில்தான் நேராக விழும். மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் சூடாகும்.

படி 5: உயிரோடு திரும்ப ஏற்பாடு

குளிர்ந்த ஆற்றில் விழுந்தால் ஆளைக் கொல்வது முதலில் உறைகுளிர் அல்ல, அதிர்ச்சி. மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கை மனதில் வையுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறலை அடக்க. அடுத்த 10 நிமிடம் கைகால் வேலை செய்யும் நேரம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். உயிர்காப்பு அங்கி போடாதவர் பலருக்கு அந்த முதல் நிமிடமே தாண்டாது. படகில் மட்டுமல்ல, வழுக்கும் கல்கரையில் நிற்கும்போதும் அங்கி உடம்பில் இருக்கட்டும். இருக்கைக்கு அடியில் இருக்கும் அங்கி யாரையும் காப்பாற்றியதில்லை.

தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் படகைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு மீட்டர் உயரமே இருக்கும், பார்க்கச் சாதுவாகத் தெரியும். கீழே தண்ணீர் பின்னோக்கிச் சுருண்டு, சிக்கியதை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். பெரிய அணையில் சைரன் ஒலித்தால் ஷட்டர் திறக்கப் போகிறார்கள். ராடை விட்டுவிட்டாவது மேலே ஏறுங்கள்.

நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பின்பக்கம் கட்டினால் ஓட்டம் பின்விளிம்பை அமுக்கித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும். முனையில் ஒரு மிதவை கட்டி, ஒரே இழுப்பில் கழற்றும்படி முடிச்சுப் போடுங்கள். மேலே இருந்து முழு மரம் மிதந்து வரும்போது நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சரக்குப் படகுத் தொடரின் வழியில் நிற்காதீர்கள். அதை நிறுத்த ஒரு கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படும், முன்னால் இருக்கும் சின்னப் படகு அதன் மாலுமிக்குத் தெரியாமலும் போகலாம். கரையில் நிற்பவருக்கும் ஒரு வார்த்தை: அது கடக்கும்போது கரையோரத் தண்ணீர் முதலில் சட்டென வடியும், பிறகு அலையாகத் திரும்பும்.

கரையோரப் பனிக்கட்டித் தட்டின்மேல் நின்று வீச வேண்டாம். அடியில் ஆறு அரித்துக்கொண்டிருக்கும்.

படி 6: சாமான்கள்

படகிலிருந்து நேர்கீழாகப் போட 1.8 முதல் 2 மீட்டர் ராடு. கரையிலிருந்து என்றால் 2.1 முதல் 2.7 மீட்டர். நுனி மட்டும் வளைகிற வேகமான ராடு வேண்டும். குளிரில் கடி அவ்வளவு மெலிதாக விழும். ரீல் 2500 அளவு சுழல் ரீல் போதும்.

நரம்பு (தூண்டில் இழை) விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னிய இழை) நரம்பு, அதன் நுனியில் 60 முதல் 90 செ.மீ. 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது இரைப் பக்கம் கட்டும் துண்டு நரம்பு. பிரெய்டு நீளாது, அதனால் அடியில் கல்லா மணலா என்பது விரலுக்குத் தெரியும். மெல்லியது என்பதால் ஓட்டத்தில் குறைவாக வளையும். ஒரே குறை, தண்ணீரை உறிஞ்சி ராடு வளையங்களில் பனியாகப் படியும். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் காலைகளில் சாதாரண நைலான் நரம்பு மேல். கட்டிய பனியை விரலால் உடைக்காமல் ராடு நுனியை ஆற்றுக்குள் முக்கினால் கரைந்துவிடும். பைக் இருக்கும் இடத்தில் லீடருக்குப் பதில் மெல்லிய கம்பி.

ஜிக் தலைகள் (முள்ளோடு சேர்த்து வார்த்த எடைக் குண்டுகள்) 5, 7, 10, 14, 21 கிராம் என்று எல்லா எடையிலும் எடுத்துப் போங்கள். அடியில் கல் அதிகம், நாளொன்றுக்கு டஜன் கணக்கில் போகும். ரப்பர் இரைகள் 7 முதல் 10 செ.மீ.; கலங்கலுக்குப் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, ஆரஞ்சு; தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, வெள்ளி, பழுப்பு. நிறத்தைப் பற்றி இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. எடைதான் தலைபோகிற விஷயம்.

படி 7: ஜிக்கை அடியில் நடத்துவது

எடை தேர்வுக்கு ஒரே விதி: அடியைத் தொடுவதை உணர முடிகிற எடைகளில் ஆகக் குறைந்தது. 3 மீட்டர் ஆழம், மந்த ஓட்டம் என்றால் 5 அல்லது 7 கிராம். 6 மீட்டர், நல்ல ஓட்டம் என்றால் 14 கிராம் அல்லது அதற்கும் மேல். தொட்டது தெரியவில்லையா, ஒரு படி ஏறுங்கள். கல்லில் ஓயாமல் மாட்டுகிறதா, ஒரு படி இறங்குங்கள்.

படகில்: முன்முனை ஓட்டத்துக்கு எதிராக இருக்கட்டும். மின்மோட்டாரால் நகர்வைக் கட்டுப்படுத்தி, நரம்பு நேர்கீழாகவே தொங்கும்படி கீழ்நோக்கி மெல்ல வழுகிப் போங்கள். நரம்பு சாய்ந்தால் படகின் வேகம் தப்பு, திருத்துங்கள். ஜிக் அடியைத் தட்டியதும் நரம்பை இறுக்கி, 10 செ.மீ. உயர்த்தி, அப்படியே நிறுத்துங்கள். இரண்டு மூன்று வினாடி கழித்து, தளர விடாமல் ராடு நுனியோடு சேர்த்தே இறக்குங்கள். தொப்பென்று விட்டால் விழும்போது விழுந்த கடி தெரியாது, அதுவும் பாதிக் கடி விழும்போதுதான். ராடைத் துள்ளத் துள்ள ஆட்டுவது கோடைக்கு. 5 டிகிரித் தண்ணீரில் ஜிக்கை ஆட்டாமல் வைத்திருப்பதே பெரிய வேலை.

கரையில்: மந்த வேகக் கோட்டுக்குக் குறுக்கே, கொஞ்சம் மேல்நோக்கி வீசுங்கள். மூழ்கும்வரை நரம்பைப் பாருங்கள். அடி தொட்டதும் கைப்பிடியை அரைச் சுற்று, நிறுத்தம், அரைச் சுற்று. மீதியை ஓட்டம் செய்யும்: ஜிக் வளைந்து கீழ்நோக்கி வரும், வளைவின் கடைசியில் நரம்பு இறுகும் கணத்தில் கடி எதிர்பாருங்கள்.

கடி என்றால் இழுப்பு இல்லை. ஈரத்துணி மாட்டியதுபோல் ஒரு கனம். அல்லது தொட வேண்டிய இடத்தில் அடி தொடாமல் போகும். அல்லது ஒரு சின்ன ‘டிக்’. சந்தேகம் வந்தாலே ராடை உயர்த்துங்கள். வெறும் கனமாக வந்தால் கல், கனம் தலையாட்டினால் மீன்.

ரப்பர் இரைக்குக் கடி இல்லையென்றால் ஜிக்கில் உயிருள்ள சின்ன மீன்குஞ்சு. முள்ளை வாய்க்குள் விட்டு செவுள் பக்கம் எடுத்து முதுகில் மறுபடி குத்தினால் ஓட்டத்தில் கழன்று போகாது. குஞ்சின் வால் மட்டும் கடிபட்டுத் திரும்பினால் மீன் அரைமனதாகக் கொத்துகிறது: ஜிக் வளையத்தில் 5 முதல் 7 செ.மீ. நரம்பு கட்டி, அதன் நுனியில் ஒரு சின்ன மூன்றுமுனை முள்ளை மாட்டி, குஞ்சின் வாலருகே லேசாகக் குத்துங்கள். எத்தனை முனை அனுமதி என்பதையும் விதிநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஓட்டம் பலமாக இருந்தால் முக்கண் வளையம்

ஜிக் நிற்காத இழுவைக்கு இதுதான் மருந்து. விஸ்கான்சினின் வுல்ஃப் ஆற்றுப் பெயரால் அறியப்படும் பழைய கட்டு. மூன்று கண் உள்ள வளையத்தின் ஒரு கண்ணில் ரீல் நரம்பு. இரண்டாவதில் 30 முதல் 45 செ.மீ. நரம்பு, நுனியில் ஈயம், ஓட்டத்துக்கேற்ப 30 முதல் 90 கிராம். இந்தத் துண்டு மற்றவற்றைவிட மெல்லிய நரம்பாக இருக்க வேண்டும். கல்லில் மாட்டினால் ஈயம் மட்டும் அறுந்து போகும், மீதி கைக்கு வரும். மூன்றாவது கண்ணில் 90 முதல் 120 செ.மீ. லீடர், அதன் நுனியில் மீன்குஞ்சோ, மண்புழுவோ, மிதக்கும் சிறு போலிமீனோ.

ஈயம் அடியில் உட்காரும், இரை அதற்குச் சற்று மேலே ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து போட்டுவிட்டு ராடைத் தாங்கியில் வைக்கலாம். இருபது நிமிடம் கடி இல்லையென்றால் ஈயத்தைக் கொஞ்சம் தூக்கி ஒரு மீட்டர் கீழே உட்காரவிடுங்கள். கெளுத்திக்கும் இதே கட்டுதான். இரைக்குச் செத்த மீனின் துண்டு, தடித்த முள்.

படி 9: நேரம்

வால்ஐ, ஸாண்டர் இரண்டுக்கும் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு; மங்கிய வெளிச்சத்தில் இரைமீனைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தியும் இரவும் அவற்றின் ஆட்சி. ஆனால் முன்வசந்தத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதிகாலையில்தான் தண்ணீர் ஆகக் குளிர்ந்திருக்கும். கலங்கல் நீர் வெயிலை மறைத்துவிடுவதால் பகலிலும் மீன் கூசாது. எனவே வெயில் உள்ள நாளில் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இருட்டி ஒரு மணி நேரம் வரை இருப்பது, கும்மிருட்டில் எழுந்து போய் நடுங்குவதைவிடப் பலன் தரும். தெளிந்த தண்ணீர் என்றால் மட்டும் இரவு.

படி 10: மீனைக் கையாள்வது

வலையைக் கீழ்ப்புறம் தண்ணீருக்குள் வைத்து, மீனை ஓட்டத்தோடு அதற்குள் விடுங்கள். டிராக்கை, அதாவது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, தளர்வாக வைப்பது நல்லது; படகருகே வந்து வெளிச்சத்தைக் கண்டதும் ஒரு பாய்ச்சல் பாயும்.

திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக் கிடையாகப் பிடியுங்கள். முட்டை நிறைந்த பெண் மீனைத் தாடையில் தொங்கவிட வேண்டாம். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுளும் கண்ணும் நொடிகளில் கெட்டுவிடும், தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விடுங்கள்.

ஆழம் ஒரு சிக்கல். வால்ஐ, சாகர் வகைகளால் காற்றுப்பையைச் சட்டென்று காலிசெய்ய முடியாது. 9, 10 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து இழுத்தால் பை ஊதிக் கண் பிதுங்கி, விட்டாலும் மிதந்தபடியே சாகும். அணைக்குக் கீழே ஆழமடுவில் சாகர் பிடிப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஒன்று, அந்த ஆழத்தில் போடாதீர்கள்; அல்லது அனுமதித்த எண்ணிக்கை கிடைத்ததும் அதோடு நிறுத்துங்கள்.

வீட்டுக்கு எடுப்பதென்றால் நடுத்தர அளவு மீன் எடுங்கள். பெரிய, வயதான மீனில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். மாதம் எத்தனை முறை தின்னலாம் என்று பல ஆறுகளுக்குச் சுகாதாரத் துறை அறிவுரை உண்டு.

கிளம்பும்போது படகிலுள்ள தண்ணீரையெல்லாம் கரையிலேயே வடித்துவிட்டு, தாவரத் துணுக்குகளைத் துடைத்தெடுங்கள். மீதமான இரைக்குஞ்சை ஆற்றில் கொட்டாதீர்கள். வரிக்குதிரைச் சிப்பியும் மீன்நோய்களும் ஆறு விட்டு ஆறு தாவியது இப்படித்தான்.

கடியே இல்லையென்றால்

மாற்றும் வரிசை முக்கியம். முதலில் எடை. அடுத்து வேகம், மெதுவாக மட்டும். அடுத்து ஆழம்: கோட்டின் மேட்டுப் பக்கமா, மடுப் பக்கமா. அரை மணி நேரத்தில் இவை முடிந்துவிடும். பிறகு இடத்தை மாற்றுங்கள், ஆனால் ஆற்றின் மறுகோடிக்கு ஓட வேண்டாம்; ஐம்பது மீட்டர் கீழே அதே கோட்டில் போதும். நிறத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாற்றுங்கள். ஒரு மீன் விழுந்தால் நங்கூரம், ஆழம், எடை மூன்றையும் அப்படியே வைத்து அதே இடத்தில் மறுபடி போடுங்கள். இந்தப் பருவத்தில் ஒன்று தனியாக நிற்பது அரிது.